கன்னிமார் பள்ளத்து ஊசித்தட்டான்

என்னோடு நரைத்தவர்களே, கண்ணில் புரை எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். எனக்குப் போன மாதம் எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும் மருமகள் முன்னால் வந்து நின்று, "அத்தை, என் சேலை என்ன கலருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். "நீலம்" என்றேன். மகன் கைதட்டினான். நர்ஸ் பிள்ளையும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அது நீலம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இத்தனை வருஷமும் கண்ணில் புகை படிந்து கிடந்ததால்தான் ஒரு நீலம் எனக்குத் தட்டுப்படவில்லை என்றும், புகை போனால் அது திரும்பி வரும் என்றும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. விளாங்குடிக்குத் திரும்பியதிலிருந்து எங்கள் தெருக் கொடிகளில் காயும் துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். எதிலும் அது இல்லை.

அந்த நீலத்தை நான் ஒரே ஒரு தை, மாசியில் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயசு இருக்கும், பத்தும் இருக்கலாம். பிறந்த நாளை எழுதி வைக்கிற வீடு இல்லை எங்களுடையது. ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்கள் வீட்டை யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் அப்பா நீர்ப்பாய்ச்சி. கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எம்புட்டு நேரம் தண்ணீர் என்று பிரித்து விடுவதும் அவர் வேலை. எங்களுக்கென்று ஒரு சாண் வயல் கிடையாது. வயல் வைத்திருந்த அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நின்றார்கள்.

மடை என்றால் இப்போது இருக்கிற மாதிரி இரும்புச் சக்கரம் வைத்துத் திருகுகிற மடை இல்லை. கண்மாய்க்குள்ளே இரண்டு கல்தூண் நிற்கும். அதற்கு நேர் கீழே, தண்ணீருக்கு அடியில், கல்லில் ஒரு துளை. துளையில் ஒரு கட்டை செருகியிருக்கும். அப்பா இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தூண் வரை நீந்துவார். குடுக்கையை அவிழ்த்துத் தூணில் மாட்டிவிட்டு மூச்சைப் பிடித்து முங்குவார். கரையில் நிற்கிற எல்லோரும் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கீழே கட்டை விடுபட்டதும் தண்ணீர் மேல் ஒரு சுழி விழும். அதற்குப் பிறகுதான் அவர் தலை தெரியும். அவர் மேலே எந்நேரமும் பாசி வாடை அடிக்கும். வெள்ளைச் சட்டை போட்டு மதுரைக்குத் திருவிழா பார்க்கப் போனாலும் அடிக்கும். என் தாய்மாமன் மதுரையில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால், "என்னக்கா, மச்சான் குளிச்சுட்டு வந்தாரா, இல்ல கண்மாயவே தூக்கிட்டு வந்தாரா?" என்று கேட்பார். அம்மா அகப்பையை ஓங்குவாள்.

அந்தச் சுரைக்குடுக்கை எங்கே போனது என்று தெரியவில்லை. தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். தட்டினால் ஒரு சத்தம் வரும். போகட்டும்.

கண்மாய்க் கரைக்கு வெளிப்பக்கம், மடையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், தாழம்புதரும் நாணலும் மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. அதற்குள் ஏழு கல். அவர்கள்தான் கன்னிமார், ஏழு பேர். ஊரே காய்ந்து கிடக்கும் கோடையிலும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கன்னிமார் தினமும் குளிக்கிறார்கள், அதனால் வற்றாது என்பது ஊர் கண்ட உண்மை. பெண்பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை? அதனால் ஆண்கள் கால் அங்கே படக்கூடாது. பெண்கள் முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்து போவதில்லை. வருஷத்தில் ஒரே நாள், தை மாதத்தில், வயசுக்கு வராத ஏழு சிறுமிகள் ஏழு சின்னப் பானையோடு போய் வைத்துவிட்டு வருவார்கள். மற்ற நாளில் எந்தச் சிறுமியாவது போனால் கன்னிமார் அவளைத் தங்களோடு எட்டாவதாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்பார்கள். அப்படிப் பேர் விழுந்த பிள்ளையை எந்த வீட்டிலும் பெண் கேட்க மாட்டார்கள்.

முதல் பானை நீர்ப்பாய்ச்சி வீட்டுப் பிள்ளையுடையது. பெரிய வீட்டுப் பிள்ளையே ஆனாலும் எனக்குப் பின்னால்தான் வர வேண்டும். அந்த வருஷம் நான்தான் முன்னால் போனேன். என் தலையில் பானை, பின்னால் ஆறு பேர். அந்த ஆறு பேரும் பயத்தில் பானையை வைத்தவுடன் ஓடிவிட்டார்கள். எனக்கு மட்டும் கால் எழவில்லை.

கல்லுக்கு முன்னால் ஒரு நாணல் தண்டில் அது உட்கார்ந்திருந்தது. ஊசித்தட்டான். தட்டான் என்றதும் நாம் வாலில் நூல் கட்டி விடுவோமே, அந்தத் தடியன் என்று நினைத்துவிடாதீர்கள். இது துடைப்பத்து ஈர்க்கைவிட மெல்லிசு. தட்டான் இறக்கையை விரித்தபடி உட்காரும். இது இரண்டு பக்கத்து இறக்கையையும் முதுகின் மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, கும்பிட்ட கை மாதிரி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் நீலம். முகம் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்த முகம். அதுவும் வெறும் மஞ்சள் இல்லை. அரைத்த மஞ்சளில் ஒரு பொட்டு சுண்ணாம்பு விழுந்தால் சிவந்துகொண்டு வருமே, அந்தப் பதத்தில் இருந்தது.

நீலம் என்றால் எந்த நீலம் என்று கேட்பீர்கள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் இல்லை. மயில் கழுத்தும் இல்லை. தீக்குச்சியை உரசியதும் சுடருக்கு அடியில் ஒரு கணம் தெரிந்து மறையும் பாருங்கள், அது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் இது மறையாமல் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

கன்னிமாரில் ஒருத்தி என்று நான் நினைத்தேன். மஞ்சள் பூசிய முகமும் நீலச் சேலையுமாக இருந்தால் வேறு யாரென்று நினைப்பது? பயம் வரவில்லை. மறுநாளும் போனேன்.

அதற்கு அடுத்த நாளும் போனேன். உச்சி வெயிலில் ஆட்கள் சோறு தின்று கண்ணயரும் நேரமாகப் பார்த்து, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தாழைக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போவேன். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே போனால் பானைக்குள் இறங்கிய மாதிரி குளிர்ச்சி. தண்ணீர் அடி மணல் தெரியுமளவுக்குத் தெளிவு. கரையின் அடியில் எங்கிருந்தோ மெல்ல ஊறி வந்து, பள்ளத்தை நிறைத்து, நாணலுக்குள் போய் மறையும். மடித் துணியில் கட்டிக்கொண்டு போன பொரிகடலையைத் தின்னக்கூட மறந்து உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றல்ல, எத்தனையோ இருந்தன. முழு மஞ்சளாக ஒரு ஜாதி, வாழை மட்டை நிறத்தில் வால் நுனி மட்டும் செம்பாக ஒரு ஜாதி. ஆனாலும் என் கண் நீலத்தின் மேல்தான். ஒரு நாள் ஒன்றின் கழுத்தை இன்னொன்று வால் நுனியால் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டும் நாணல் தண்டைப் பிடித்தபடி பின்புறமாகவே இறங்கின. வால் நனைந்தது, இறக்கை நனைந்தது, தலையும் உள்ளே போய்விட்டது. தண்ணீருக்குள் இரண்டின் மேலும் வெள்ளித் தகடு சுற்றின மாதிரி மின்னியது. எனக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. இருபது இருபதாக ஐந்து விரலை மடக்கினேன். செத்துப் போய்விட்டன என்று அழுகை வரும் நேரத்தில் தண்டைப் பிடித்து ஏறி வந்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் பறந்தன. முங்கிக் குளித்துவிட்டுப் போகிறார்கள்! ஊர் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். முட்டை வைக்கத்தான் அப்படி இறங்கும் என்று பல வருஷம் கழித்துப் பேத்தி தன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம் அவள்.

இன்னொரு நாள் தண்ணீருக்குள்ளிருந்து அழுக்கு நிறத்தில் ஒரு புழு, வாலில் மூன்று சின்ன இலை ஒட்டின மாதிரி, தண்டில் ஏறி வந்தது. வந்து அசையாமல் நின்றது. அதன் முதுகு வெடித்தது. உள்ளிருந்து ஊசித்தட்டான் ஒன்று தன்னைத்தானே உருவிக்கொண்டு வெளியே வந்தது. நிறமே இல்லை அதற்கு, கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. நிறம் பிறகுதான் வரும் போல. அவிழ்த்துப் போட்ட அந்தத் தோலை நான் கொண்டுவந்து ஒரு தைலடப்பி மூடியில் வைத்திருந்தேன். மூச்சுப் பட்டாலே பறக்கும். அதுவும் போய்விட்டது.

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கண்மாய்த் தண்ணீர் குறைந்தது. வெயிலுக்குக் குறைவது எல்லோருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. மடையை அடைத்து வைத்திருக்கும்போதே தூணில் ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை இறங்கியது. நெல் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு பாய்ச்சல் கிடைத்தால்தான் மணி தேறும். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசி வயல். அந்த வயல்காரரைக் கடைமடைக்காரர் என்போம். மனுஷன் கெட்டவர் இல்லை. அவர் வயலில் வெடிப்பு விழுந்தது, அவர் வாயும் வெடித்தது.

"ஏப்பா நீர்ப்பாய்ச்சி, மடைய அடைச்சா தண்ணி எங்குட்டுப்பா போகுது? ஒன் வீட்டு அடுப்பங்கரைக்கா?" என்று கரையில் வைத்தே கேட்டார்.

"அதத்தான் நானும் தேடுறேன்யா" என்றார் அப்பா.

"தேடுறியா? பரவைச் சந்தைக்குக் காய் ஏத்துற தோட்டக்காரன் பச்சைப்பசேல்னு வச்சிருக்கான். அங்கிட்டுப் போயித் தேடு. ராவோட ராவா தெறந்து விட்டா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனப்பா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் மூன்று தடவை முங்கினார். கண் சிவந்து வெளியே வந்து, "கட்டை இறுக்கமாத்தான் இருக்கு" என்றார். யாரும் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் நான் ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் குத்த வைத்தார்.

"ஆத்தா, நீ பானை வச்சியே, அந்தப் பள்ளத்துல தண்ணி எப்பிடி இருந்துச்சு? தெளிவா வந்துச்சா, செவப்பா வந்துச்சா?"

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அன்று மத்தியானம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தெளிந்த தண்ணீருக்குள் சிவப்பு நூல் மாதிரி மண் கரைந்து வர ஆரம்பித்து நாலு நாள் ஆகியிருந்தது. ஊற்று முன்னைவிடப் பெரிசாகியிருந்தது. ஒரு விரல் நீளக் கெண்டைக் குஞ்சு ஒன்று அதிலிருந்து துள்ளி விழுந்ததையும் பார்த்தேன். நான் நீர்ப்பாய்ச்சி மகள். கெண்டை எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? கண்மாய்க் கரையில் ஓட்டை. ஓட்டை என்று தெரிந்தால் அப்பா அடைப்பார். அடைத்தால் பள்ளம் காயும். பள்ளம் காய்ந்தால் என் நீலம் எங்கே போகும்?

"தண்ணியே இல்லப்பா" என்றேன். "சும்மா ஈரம்தான்."

அப்பா என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சரி" என்று எழுந்து போனார்.

அந்த வாரமே கருப்பசாமி கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரிய வீட்டுக்காரர்தான் அங்கே தீர்ப்புச் சொல்கிறவர். அடுத்த வெள்ளிக்கிழமை நீர்ப்பாய்ச்சி சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்றார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் குற்றம் செய்யவில்லை என்று சொல்வது. பொய்யாகச் சொன்னால் சாமி சும்மா விடாது. "வெறுங்கையால அணைச்சா போதாதுண்ணே" என்றார் கடைமடைக்காரர். "ஒத்தப் பிள்ள வச்சிருக்கான்ல, அது தலையில ஒரு கைய வச்சுக்கிட்டு அணைக்கட்டும்."

அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அம்மா வீட்டில் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

"ஊருல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் எம்பிள்ள தலைதான் கெடச்சுச்சா?"

"நான் பொய் சொன்னாத்தான பிள்ளைக்கு ஆகும்? நெசந்தான சொல்லப் போறேன்."

"நெசம்னா ஏன் ஒனக்குச் சோறு எறங்கல?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "சூடத்த அணைப்பேன். அணைச்ச கையோட மம்பட்டியக் கீழ வச்சிருவேன். எங்கப்பன் கிட்ட ஒரு பய சத்தியம் கேட்டதில்ல. எங்கிட்ட கேட்டு வாங்கின ஊருக்கு நான் தண்ணி பாய்ச்ச மாட்டேன். ஒன் தம்பிகிட்டச் சொல்லி மில்லுல எதும் வேலை கேளு."

மாமன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார், விஷயம் தெரிந்தது, கேலி ஒன்றும் வரவில்லை அவர் வாயில். "மச்சான், பஞ்சுத் தூசி மூச்ச அடைக்கும்" என்று மட்டும் சொன்னார். அப்பா, "தண்ணிக்குள்ள அடைக்காத மூச்சா?" என்றார். அப்பாவைத் தண்ணீர் இல்லாத இடத்தில் நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. மில்லுக்குள் பாசி வாடை அடிக்கிற ஆளாக அவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். 

இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. புதன்கிழமை போய்ப் பார்த்தேன், வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகவே சிவந்துவிட்டது. நாணல் தண்டுகளில் நீலம் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சொன்னால் இவை போகும், சொல்லாவிட்டால் அப்பா போவார். பத்து வயசில் ஒருத்திக்கு இது பெரிய பாரம். யாரிடம் கேட்பது?

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் கோயில் முன்னால் என்னை நிறுத்தினார்கள். வெற்றிலை மேல் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தார் பூசாரி. பகல் வெயிலில் சூடத்துச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை, கரும்புகை மட்டும் தெரிந்தது. அப்பாவின் இடது கை என் உச்சந்தலையில் இறங்கியது. மம்பட்டிக் காம்பு பிடித்துக் காய்த்த கை. கனமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் அதை என் மேல் அழுத்தாமல், முடியை மட்டும் தொட்டபடி தூக்கிப் பிடித்திருந்தார்.  வலது கை சூடத்துக்கு மேல் போனது.

"யப்பா, அணைக்காத!" என்று கத்திவிட்டேன். "பள்ளத்துல கெண்டைக்குஞ்சு வருது. கன்னிமார் பள்ளத்துல. தண்ணி செவப்பா வருது."

 கடைமடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்பன் சொல்லிக் குடுத்ததச் சொல்லுது பாருங்க. கன்னிமார் தண்ணியில போயி பழியப் போடுறாக."

பெண்கள் பக்கத்தில் பெரிய வீட்டம்மா நின்றிருந்தார். பெரிய வீட்டுக்காரரின் சம்சாரம். ஆறடி உயரம், வெற்றிலை போட்ட வாய். "நீ சும்மா கெட மாப்ள" என்று அவரை அடக்கிவிட்டு என் முன்னால் வந்து குனிந்தார்.

"கெண்டையக் கண்ணால பாத்தியாடி?"

"பாத்தேன்."

"கன்னிமார் குளிக்கிற தண்ணியில கெண்டை எப்பிடிடி வரும்? அவுக குளிக்கிறாகளா, மீன் பிடிக்கிறாகளா?"

யாரோ ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அம்மா கும்பிட்டபடி ஓடி வந்து, "தாயி, பிள்ள தெரியாம..." என்று ஆரம்பித்தாள். பெரிய வீட்டம்மா திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆம்பளைக தான போகக் கூடாது? நாங்க போறோம். நாங்களும் குளிக்கிறவகதான்" என்றார். யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். பின்னால் அம்மா, அவள் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள். ஆண்கள் எல்லோரும் கரை மேல் நின்றுகொண்டார்கள், பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி. அத்தனை மீசையும் ஒரே பக்கம் திரும்பி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

தாழையை அரிவாளால் வெட்டி வழி எடுத்தார்கள். நீலம் எல்லாம் கலைந்து பறந்தன. "அய்யய்ய, எம்புட்டு ஊசித்தட்டான்" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான் அவற்றைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசியது. பெரிய வீட்டம்மா முழங்கால் சேற்றில் நின்று கரையைத் தடவிப் பார்த்தார். ஒரு செடியைப் பிடுங்கியதும் பின்னாலிருந்து குபுக்கென்று சிவப்புத் தண்ணீர் வந்தது.

"அடி ஆத்தீ! இன்னும் நாலு நாளு போனா கரையே உடைஞ்சிருக்கும்" என்றார். பிறகு கரைப் பக்கம் நிமிர்ந்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏங்க! திருடன் இங்க இருக்கான். வந்து பாக்க முடியாது, அங்க நின்னே கேட்டுக்கங்க!" என்று கத்தினார்.

அடைப்பதற்கு முறுக்கிய வைக்கோல் பிரியும், கண்மாய் அடியில் படிந்த கரம்பை மண்ணும் வேண்டும். ஆண்கள் மேலே நின்று கூடையில் இறக்கினார்கள், பெண்கள் கை மாற்றி வாங்கினார்கள். அந்தப் பக்கம் அப்பா தண்ணீருக்குள் இறங்கி, இழுப்பு எங்கே இருக்கிறது என்று உடம்பை வைத்தே தேடிக் கண்டுபிடித்து, உள்வாயை அடைத்தார். இந்தப் பக்கத்து வாய் குறுகல். பெரியவர்கள் கை முழங்கைக்கு மேல் போகவில்லை.

"சின்னக் கையா இருந்தா அடி வரைக்கும் போகும்" என்றார் பெரிய வீட்டம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான்தான் அடைத்தேன். கரம்பையில் புரட்டிய பிரியைப் பிடித்துக் கையை உள்ளே விட்டேன். தோள் வரைக்கும் போனது. கன்னம் கரையில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் விரலிடுக்கில் பாய்ந்தது. முதலில் என் கையைத் தள்ளியது, அடுத்த பிரிக்குக் கொஞ்சம் தணிந்தது, மூன்றாவது பிரிக்கு விரலை நக்குகிற மாதிரி கசிந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் அழுதேன். "அப்பனக் காப்பாத்திட்டேல்ல, பெறகு என்னடி அழுகை?" என்று பெரிய வீட்டம்மா தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். அவ்வளவு நல்ல சேலையால்.

கடைமடைக்காரர் அன்றைக்கே வந்தார். எங்கள் வாசலில் தலையைக் குனிந்து நின்று, "மனசுல வச்சுக்காதீகண்ணே" என்றார். எங்கள் ஆட்களை அவர் ஆட்கள் அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா, "நாளைக்கு மொதப் பாய்ச்சல் ஒங்க வயலுக்குத்தான்யா. வரப்ப வெட்டி வைங்க" என்றார்.  மம்பட்டி அவர் தோளிலேயே இருந்தது.

பிறகு என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய் என் கையிலிருந்த கரம்பையைக் கழுவிவிட்டார்.

"அன்னைக்கு ஒங் காலுல இருந்துச்சே, அது கரைக்குள்ள இருக்குற செம்மண்ணு. அன்னைக்கே எனக்குத் தெரியும் ஆத்தா."

"பெறகு ஏம்ப்பா ஊருகிட்டச் சொல்லல?"

"உள்வாய மட்டும் அடைச்சா நிக்காது, பள்ளத்துப் பக்கமும் அடைக்கணும். யாரு பாத்தான்னு கேப்பாகள்ல? எம்மகதான்னு சொல்லணும். நாளில்லாத நாளுல கன்னிமார் எடத்துக்குப் போன பிள்ளன்னு ஒனக்குப் பேராகிரும். அதுக்கு மில்லே தேவலாம்." என் நகக்கண்ணில் இருந்த மண்ணை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டே சொன்னார். "ஊரே இன்னைக்கு அங்க எறங்கிருச்சு. இனி ஒருத்தனும் பேச முடியாது. நீ அடிக்குப் பயந்து தண்ணி இல்லன்னுட்ட. சின்னப் பிள்ளதான, விடு."

 அடிக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றுதான் அவர் கண் மூடுகிற வரைக்கும் நம்பினார். எதற்காகச் சொன்னாய் என்று அவர் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கும் தெரியவில்லை. தண்ணீரின் மேல் விழுகிற சுழியைப் பார்த்து அடியில் என்ன என்று சொல்கிற மனுஷனுக்கு, பெற்ற பிள்ளை எதற்கு ஏங்கினாள் என்பது தெரியாமல் போயிற்று. எனக்கும் மூன்று பிள்ளைகள். அவர்கள் சொன்ன பொய்களில் எதெது பயத்தால் வந்தது, எதெது ஆசையால் வந்தது என்று நானும்தான் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் மடை திறப்பு. மேளம்கூட வந்திருந்தது. பெரிய வீட்டுக்காரர் கையாலேயே அப்பாவுக்கு மாலை போட்டு, தண்ணீரில் இறங்கும் முன் கழற்றி வைத்தார்கள். எல்லோரும் கரைக்கு உள்பக்கம் நின்றார்கள். நான் வெளிப்பக்கம் இறங்கிவிட்டேன்.

வெட்டிப் போட்ட தாழை மட்டை வாடிக் கிடந்தது. பள்ளம் நடுவில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைச் சுற்றி ஈரச் சேறு வெளுக்க ஆரம்பித்திருந்தது. சேற்றில் அந்த மூன்று இலை வால் புழுக்கள் நெளிந்தன. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி நடுத் தண்ணீரில் விட்டேன். எத்தனை அள்ளினேனோ. அந்தத் தண்ணீரும் மத்தியானத்துக்குத் தாங்காது என்று நீர்ப்பாய்ச்சி மகளுக்குத் தெரியும், தெரிந்தும் அள்ளினேன்.

ஒடிந்த நாணல் ஒன்றில் நீலம் ஒன்று வந்து உட்கார்ந்தது. கழுத்தைப் பிடித்தபடி அதன் ஜோடி. தண்டைப் பிடித்துப் பின்புறமாக இறங்கின. வால் சேற்றில் முட்டியது. ஏறின. மறுபடி இறங்கின. வால் மறுபடி சேற்றில் முட்டியது.

கரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்திருப்பார்கள் போல, மேளச் சத்தம் நின்றிருந்தது. பிறகு ஒரே கூச்சல். வாய்க்காலில் தண்ணீர் இறங்கும் இரைச்சல் கேட்டது. அப்பா தலையை வெளியே நீட்டியதும் என்னைத்தான் தேடியிருக்க வேண்டும்.

"ஆத்தா! எங்கிட்டு நிக்கிற? தண்ணி வருது, ஓடியா!"

இரண்டு கை நிறையப் புழுக்களோடு உட்கார்ந்திருந்தேன். அவற்றை நடுத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த கை அள்ளினேன். ஜோடி மூன்றாவது தடவையாக இறங்கிக்கொண்டிருந்தது.